அடைத்தவர் பொறுப்பு: பொது நாய்க் காப்பகங்களின் பராமரிப்புத் தரமும் கண்காணிப்பும்

1. கேள்வி

2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, தில்லியிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் திரியும் தெருநாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க ஆணையிட்டது. முதற்கட்டமாக ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் 5,000 நாய்களுக்கு இடம் உருவாக்க வேண்டும், அடைத்தவற்றை மீண்டும் தெருவில் விடக் கூடாது என்றது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு இதைத் திருத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம், ரேபிஸ் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் மட்டும் அடைத்து வைக்க வேண்டும் என்று சொல்லி, வழக்கை நாடு முழுவதற்கும் விரித்தது. நவம்பர் 7 அன்று வந்த ஆணை, பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, விளையாட்டு மைதானம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றின் வளாகங்களில் இருக்கும் நாய்களை அகற்றிக் காப்பகத்தில் சேர்க்கவும், அதே இடத்தில் மறுபடி விடாமலிருக்கவும் பணித்தது.

இந்த ஆணைகளை ஒட்டி எழுந்த விவாதம் பெரும்பாலும் தெருவைப் பற்றியது. குழந்தைகளைக் கடிக்கும் நாய்களை அகற்ற வேண்டும் என்று ஒரு தரப்பும், கருத்தடை செய்து அதே தெருவில் விடுவதே வழி என்று மறு தரப்பும் பேசின. காப்பகமோ இரு தரப்புக்கும் பேச்சு முடியும் இடமாக இருந்தது. நாயை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தியபின் நடப்பதைப் பற்றிய பேச்சு குறைவு. இக்கட்டுரை அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பதைப் பற்றியது. பொதுப் பணத்தில், பொது அதிகாரத்தின் பெயரால் நடக்கும் ஒரு விலங்குக் காப்பகம் தரமாக நடக்கிறது என்பதை எதை வைத்து முடிவு செய்வது? அதைச் சரிபார்க்கும் பொறுப்பு யாருடையது?

2. பட்டியும் மையமும்: சட்டம் வந்த வழி

விலங்கை அடைத்து வைக்கும் பொது அமைப்பு இங்கே புதியதன்று. பயிரை மேய்ந்த மாட்டைப் பட்டியில் அடைக்கும் வழக்கத்துக்கு 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் அரசு வடிவம் கொடுத்தது. பட்டிக்காரர் பதிவேடு வைக்க வேண்டும். அடைபட்ட மாட்டுக்குப் போதிய தீவனமும் தண்ணீரும் தர வேண்டும். தவறினால் 50 ரூபாய் வரை அபராதம். உழவரின் பயிரையும் காலனி அரசின் வருவாயையும் காக்கப் பிறந்த சட்டம் அது. ஆனாலும் ஒரு கோட்பாட்டை அது தெளிவாகவே நிறுவியது: அடைத்தவர் பொறுப்பு. அடைபட்ட விலங்கு தானே இரை தேட முடியாது. ஆகவே அதன் பசிக்கு அடைத்தவரே பதிலளிக்க வேண்டும்.

நாய்களின் விஷயத்தில் இந்தக் கோட்பாடு நெடுங்காலம் பொருந்தவில்லை. நாய்களை மாநகராட்சிகள் அடைத்தது கொல்வதற்காகவே. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம்கூட, தெருநாய்களை நச்சு அறைகளில் கொல்வதை வதையென்ற வரையறையிலிருந்து விலக்கி வைத்தது. சென்னையில் 1959இல் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ், கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்ய வேண்டும் என்று 1960களிலிருந்தே வலியுறுத்தி வந்தது. மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது 1996இல். 2001இல் வந்த நாய் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் அதை நாடு முழுவதற்கும் நெறியாக்கின. அவற்றுக்குப் பதிலாக 2023 மார்ச்சில் புதிய விதிகள் வந்தன.

இந்த மாற்றத்தின் விளைவு போதிய அளவில் கவனிக்கப்படவில்லை. கொல்வதற்காக அடைத்தபோது நாய் கூண்டில் இருந்த நேரம் குறைவு. கருத்தடைக்காக அடைக்கும்போது, அறுவைக்குப் பிறகு மட்டும் குறைந்தது நான்கு நாட்கள் வைத்திருக்க வேண்டும். நவம்பர் ஆணையின்படி அடைத்தால் அது ஆயுட்காலமாகவே நீளக்கூடும். தங்கும் காலம் நீள நீளக் கூண்டு வீடாகிறது. வீட்டுக்குரிய கடமைகளும் கூடவே வருகின்றன. நமது நகராட்சிக் கட்டடங்களும் பணியாளர் ஒதுக்கீடும் ஒப்பந்தங்களும் இன்னமும் முதல் இரண்டு நிலைகளுக்கு ஏற்பவே அமைந்திருக்கின்றன.

3. தரம் என்பது எது

விலங்கு நலத்தின் அடிப்படை அளவுகோலாக உலகெங்கும் சொல்லப்படுபவை ஐந்து விடுதலைகள். பிரிட்டனில் பண்ணை விலங்குகளைப் பற்றி ரோஜர்ஸ் பிராம்பெல் தலைமையிலான குழு 1965இல் தந்த அறிக்கையில் அவற்றின் வித்து இருந்தது. 1979இல் அவை பட்டியலாக உருப்பெற்றன. பசி தாகத்திலிருந்து, வசதியின்மையிலிருந்து, வலி நோய் காயத்திலிருந்து, அச்சம் மன உளைச்சலிலிருந்து விடுதலை. இயல்பான நடத்தைக்கான சுதந்திரம். இந்தியாவில் இப்பட்டியலைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது, தமிழர்கள் வேறு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கும் தீர்ப்பு: 2014 மே 7 அன்று நாகராஜா வழக்கில் வந்த ஜல்லிக்கட்டுத் தீர்ப்பு. 1960 சட்டத்தில் விலங்கைப் பொறுப்பில் வைத்திருப்பவரின் கடமையைச் சொல்லும் 3ஆம் பிரிவையும், வதையை வரையறுக்கும் 11ஆம் பிரிவையும் ஐந்து விடுதலைகளோடு சேர்த்தே வாசிக்க வேண்டும் என்றது அது. பின்னர் தமிழ்நாட்டின் ஜல்லிக்கட்டுச் சட்டத் திருத்தத்தை 2023இல் அரசியல் சாசன அமர்வு ஏற்றது. மாட்டின் பெயரால் நடந்த அந்த நீண்ட விவாதத்தில், அடைபட்ட எந்த விலங்குக்கும் பொருந்தும் 3ஆம் பிரிவின் கடமை பேசப்படாமலே போனது.

கொள்கை அளவில் ஐந்து விடுதலைகளை மறுப்பவர் இல்லை. காப்பகத்துக்குள் அவை என்ன வேலையாக மாறுகின்றன என்பதில்தான் தரம் இருக்கிறது. அமெரிக்கக் காப்பகக் கால்நடை மருத்துவர் சங்கம் 2010இல் வெளியிட்டு 2022இல் திருத்திய வழிகாட்டு நெறிகள் இந்த வகையில் விரிவானவை. படுக்கும் இடமும் மலம் கழிக்கும் இடமும் தனித்தனியாக இருக்க வேண்டும். சங்கிலியில் கட்டி வைப்பதைத் தங்குமிடமாகக் கொள்ளக் கூடாது. உள்ளே வரும்போதே தடுப்பூசி போட வேண்டும் என்று அவை நீள்கின்றன. இவை அமெரிக்கக் கட்டடங்களையும் பணப்பையையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பது உண்மை. ஆனால் அவற்றின் அடியில் இருப்பது நோய்க்கிருமியின் இயல்பு. அது எந்த நாட்டிலும் ஒன்றே.

கூண்டு கழுவும் காலை நேர வேலையை எடுத்துக்கொள்வோம். ஒரே ஊழியர், ஒரே துடைப்பம், ஒரே ரப்பர் குழாய். நாயை உள்ளே வைத்தபடியே தண்ணீரைப் பீய்ச்சுகிறார். மலம் கலந்த நீர் அடுத்த கூண்டின் வழியே வடிகாலுக்குப் போகிறது. நாய் நனைந்து, ஈரத்தரையில் ஒடுங்கி நிற்கிறது. நேற்று அறுவை நடந்த தையலிலும் ஈரம். பார்வோ வைரஸ் மலத்தின் வழியே பரவும். தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிர்ப்போடிருக்கும். வழக்கமான பல கிருமிநாசினிகளுக்கு அடங்காது. பிளீச்சிங் கரைசல் அதைக் கொல்லும். ஆனால் மலத்தை முதலில் அகற்றாமல் ஊற்றினால் கரைசல் வீரியம் இழக்கும். எனவே வரிசை முக்கியம்: நாயை வேறு கூண்டுக்கு மாற்ற வேண்டும், மலத்தை அள்ள வேண்டும், கழுவ வேண்டும், பிறகு கரைசலை ஊற்றிச் சில நிமிடம் விட வேண்டும், உலர்த்த வேண்டும். கூண்டுகளிலும் வரிசை உண்டு: முதலில் குட்டிகள், பிறகு நலமான நாய்கள், கடைசியில் நோயுற்றவை. இதற்குப் பெரிய செலவில்லை. ஒரு காலிக் கூண்டும், இரண்டு செட் துடைப்பமும், பயிற்சி பெற்ற ஆளும், அவருக்குப் போதிய நேரமும் வேண்டும்.

ரேபிஸ் தடுப்பூசி மட்டும் போட்டு அனுப்பும் வழக்கமும் இதே கோணத்தில் பார்க்கத் தக்கது. ரேபிஸ் ஊசி மனிதரையும் காக்கிறது. அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் பல தெருக்களின் நாய்களை ஒரே கூரையின் கீழ் சேர்த்தவுடன் பார்வோ, டிஸ்டெம்பர் ஆகிய வைரஸ் நோய்கள் பரவ வழி பிறக்கிறது. இவற்றின் அறிகுறி தெரியச் சில நாட்கள் ஆகும். கருத்தடை மையத்தில் நோய் தொற்றிய நாய் தெருவுக்குத் திரும்பிய பிறகு நோய்ப்படலாம். அந்தச் சாவு மையத்தின் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. நான்கு நாளுக்கு மேல் தங்கும் எந்த நாய்க்கும் இந்நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியைக் கட்டாயமாக்குவதே சரி.

4. கொள்ளளவு: கூண்டும் கையும் நாளும்

காப்பகத்தின் கொள்ளளவைக் கூண்டுகளின் எண்ணிக்கையால் சொல்வதே நம் வழக்கம். காப்பக மருத்துவம் இதை ஏற்பதில்லை. ஒரு நாளைக்கு எத்தனை விலங்குகள் வருகின்றன, ஒவ்வொன்றும் சராசரி எத்தனை நாள் தங்குகிறது என்பவற்றின் பெருக்கமே அங்கே இருக்கப்போகும் விலங்குகளின் எண்ணிக்கை. நாளொன்றுக்கு 20 நாய்கள் வந்து, ஒவ்வொன்றும் 6 நாள் தங்கினால் 120 கூண்டுகள் வேண்டும். மருத்துவர் விடுப்பில் போய், அல்லது வண்டி பழுதாகித் தங்கும் காலம் 9 நாளானால் அதே மையத்தில் 180 நாய்கள் இருக்கும். கூடுதலாக ஒரு நாயைக்கூடப் பிடிக்காமலேயே நெரிசல் வந்துவிடுகிறது.

இதே கணக்கை வெளியே வழியில்லாத காப்பகத்துக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளுக்கு 20 நாய்கள் வந்து எதுவும் வெளியேறாவிட்டால், மாதம் 600, ஆண்டுக்கு 7,300. சென்னையில் மட்டும் 2024 கணக்கெடுப்பின்படி தெருநாய்கள் சுமார் 1.8 லட்சம். துருக்கி 2024 ஜூலையில் நிறைவேற்றிய சட்டத்தின்படி தெருநாய்களை நகராட்சிகள் காப்பகத்தில் அடைக்க வேண்டும். இடம் உருவாக்க 2028 வரை கெடு. சட்டம் வந்தபோது அங்கே தெருநாய்கள் சுமார் 40 லட்சம் என்றும், நாடு முழுவதும் இருந்த 322 காப்பகங்களின் இடம் 1,05,000 என்றும் அரசுத் தரப்பே சொன்னது. இப்படிப்பட்ட இடைவெளியில் தத்துக்கொடுப்பு ஓரளவுக்கே உதவும். மற்றபடி ஒரு கூண்டு காலியாவது அதிலுள்ள நாய் சாவதால் மட்டுமே. சாவினால் மட்டும் இடம் காலியாகும் நிறுவனத்தில், சாவைத் தடுக்கும் உழைப்புக்கு எதிரான நெருக்கடி அமைப்பிலேயே பொதிந்திருக்கிறது. எவ்வளவு நல்ல ஊழியரானாலும் அந்த நெருக்கடியோடு நாள்தோறும் மல்லுக்கட்ட வேண்டும்.

அடுத்தது கை. கழுவுவதற்கும் உணவிடுவதற்கும் மட்டும் விலங்கொன்றுக்கு நாளுக்கு 15 நிமிடம் என்பது அமெரிக்கக் காப்பகத் துறையில் நெடுங்காலமாக வழங்கும் குறைந்தபட்சக் கணக்கு. மருத்துவம், நடத்திச் செல்வது, தத்து விசாரணை எதுவும் அதில் சேராது. 100 நாய்களுக்கு 25 மணி நேரம். அதாவது எட்டு மணி நேர வேலையில் மூன்று பேருக்கு மேல். 5,000 நாய்களுக்கு 1,250 மணி நேரம்; வார விடுப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 180 பேர். ஆகஸ்ட் 11 ஆணை நாய்களைத் துன்புறுத்தக் கூடாது, நெரிசல் கூடாது, எந்நேரமும் குறைந்தது இரண்டு பொறுப்பாளர்கள் இருக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னது. அந்த அக்கறையை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் விலங்கின் எண்ணிக்கையோடு சேர்த்துச் சொல்லாத ஆள் எண்ணிக்கை தரமாகாது. 50 நாய்க்கும் இருவர், 500 நாய்க்கும் இருவர் என்றால் இரண்டாவது இடத்தில் யாரும் இல்லை என்றே பொருள்.

5. கண்காணிப்பு: யார், எதை, யாருக்காக

விதிகளில் கண்காணிப்பு இல்லாமல் இல்லை. 2023 விதிகளின்படி கருத்தடைத் திட்டத்துக்கு இந்திய விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரம் வேண்டும். மத்திய, மாநில, உள்ளாட்சி மட்டங்களில் குழுக்கள் உண்டு. கேமரா வேண்டும். பிடித்த இடம், தேதி, அறுவை, விடுவித்த இடம் ஆகியவற்றைப் பதிய வேண்டும். விலங்குவதைத் தடுப்புச் சங்கங்களுக்கான 2001 விதிகளோ, ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு சங்கமும், சங்கத்தின் ஒவ்வொரு காப்பகத்திலும் ஒரு முழுநேரக் கால்நடை மருத்துவரும் ஒரு நிர்வாகியும் இருக்க வேண்டும் என்கின்றன. எழுத்தைப் பார்த்தால் குறை சொல்ல அதிகமில்லை. இவற்றைக் கூர்ந்து வாசித்தால் மூன்று சிக்கல்கள் தெரிகின்றன.

முதலாவது, பார்ப்பவர் யார் என்பது. உள்ளாட்சிக் கண்காணிப்புக் குழுவுக்குத் தலைவர் ஆணையரோ செயல் அலுவலரோதான். நாய் பிடிப்பதும், டெண்டர் விடுவதும், பணம் தருவதும், புகார் வரும்போது பதில் சொல்வதும் அதே அலுவலகம். குழுவில் வெளி உறுப்பினர்கள் உண்டு. ஆனால் கூட்டத்தைக் கூட்டுவதும் நிகழ்ச்சி நிரலை வகுப்பதும் தலைவர். விலங்கு நல அமைப்பின் உறுப்பினரே ஒப்பந்தக்காரராகவும் இருக்கும் ஊர்களில் நிலைமை இன்னும் சிக்கல். தனி மனிதரின் நேர்மையைச் சந்தேகிக்காமலே இந்தக் குறையைச் சொல்லலாம்: தன் வேலையைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் அமைப்பில் நேர்மையானவருக்கும் சான்று கிடைக்காது.

இரண்டாவது, எதைப் பார்க்கிறார்கள் என்பது. விதிகளில் மிக நுட்பமான சோதனை, அறுவையில் அகற்றிய கருப்பைகளையும் விதைகளையும் பாதுகாத்து வைத்துக் கண்காணிப்புக் குழு முன் எண்ணுவது. நாய்க்கு இவ்வளவு என்று பணம் தரும் ஒப்பந்தத்தில் பொய்க்கணக்கைத் தடுக்க இது தேவையே. ஆனால் அந்த எண்ணிக்கை காப்பது பொதுப் பணத்தை. அந்த நாய் தையல் பிரியாமல், சீழ் பிடிக்காமல், உயிரோடு வெளியே போனதா என்பதை அந்த உறுப்புகளை வைத்த ஜாடி சொல்லாது. கேமராவிலும் இதே சாய்வு. ஆகஸ்ட் 11 ஆணை காப்பகத்தில் கேமரா வைக்கச் சொன்னது, எந்த நாயும் வெளியே விடப்படாமல் இருப்பதை உறுதிசெய்ய. நவம்பர் 7 ஆணை, மருத்துவமனை, பள்ளி வளாகங்களில் நாய்கள் மறுபடி குடியேறவில்லை என்பதை உள்ளாட்சிகள் மூன்று மாதத்துக்கொரு முறையாவது ஆய்வு செய்ய வேண்டும் என்றது. நாய் வெளியேறிய வளாகத்துக்குக் கிடைத்த கால அட்டவணை, அது போய்ச் சேர்ந்த காப்பகத்துக்கும் வேண்டும்.

மூன்றாவது, தவறினால் என்ன என்பது. 1960 சட்டத்தின் 11ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். 1871இல் பட்டிக்காரருக்கு விதித்த மேல்வரம்பும் அதே 50 ரூபாய். ஒன்றரை நூற்றாண்டாக அந்த எண் நகரவில்லை. தண்டனை இப்படி இருக்க, தரத்தைக் காக்க மிஞ்சுவது ஒன்றே: பகிரங்கம்.

இங்கே புள்ளிவிவரத்தின் பங்கு வருகிறது. எத்தனை விலங்குகள் வந்தன, என்ன ஆயின என்பதை ஒரே வடிவில் பதிந்து வெளியிடும் முயற்சி அமெரிக்காவில் 2004இன் அசிலோமர் உடன்படிக்கையோடு வலுப்பெற்றது. அங்கே அடிப்படைக் கேள்வி, எத்தனை விலங்குகள் உயிரோடு வெளியேறின என்பது. அந்த அளவுகோலுக்கும் எல்லை உண்டு: கொல்லாமல் மாதக்கணக்கில் நெரிசலில் வைத்திருக்கும் காப்பகமும் நல்ல எண்ணைக் காட்டிவிடலாம். இந்தியாவில் நலமான நாயைக் கொல்வது விதிக்கு மாறானது என்பதால், நாம் கவனிக்க வேண்டியது வேறு எண்: கூண்டில் தானாகச் செத்தவை எத்தனை? அந்த எண்ணோடு சராசரித் தங்கும் நாட்களையும் அன்றாட இருப்பையும் சேர்த்து வைத்தால், காப்பகத்துக்குள் காலடி வைக்காதவரும் அதன் நிலையைப் பெருமளவு ஊகிக்கலாம்.

6. மூன்று மறுப்புகள்

மனிதர் சாகும்போது நாயின் வசதி பற்றிப் பேசலாமா என்பது முதல் மறுப்பு. கடிபட்டுக் குழந்தையை இழந்த வீட்டின் முன் நின்று இந்தக் கேள்வியை அலட்சியப்படுத்த யாருக்கும் உரிமையில்லை. ஆனால் ரேபிஸைத் தடுக்க உலக சுகாதார நிறுவனம் காட்டும் வழி, நாய்களில் குறைந்தது 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போடுவது. மோசமான காப்பகம் அந்த வழியையே அடைக்கிறது: கூண்டு நிரம்பினால் அறுவையும் ஊசியும் நிற்கும், வண்டி ஓடாது. உள்ளே முதலில் கடிபடுவதும் மனிதரே. கூண்டு கழுவுபவரும் நாய் பிடிப்பவரும் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்களுக்கு முன்கூட்டியே ரேபிஸ் ஊசி போட்டிருக்கிறதா, கையுறை இருக்கிறதா என்பதும் காப்பகத் தரத்தின் பகுதியே.

பணமில்லை என்பது இரண்டாவது. இதற்குக் கலிபோர்னியாவின் அனுபவம் பாடம். 1998இல் வந்த ஹேடன் சட்டம், காப்பகங்கள் விலங்கை வைத்திருக்கும் காலத்தை நீட்டியது. உடனடி மருத்துவத்தையும் பதிவேட்டையும் கட்டாயமாக்கியது. செலவை மாநிலம் ஈடுகட்டுவதா உள்ளாட்சி ஏற்பதா என்ற இழுபறியில், 2009க்குப் பிறகு அதன் சில கூறுகள் நிதிநிலை அறிக்கை வழியே நிறுத்திவைக்கப்பட்டன. நிதி ஒதுக்காத தரம் நிலைக்காது என்பதே இதிலிருந்து தெரிவது. பணம் குறைவென்றால் குறைந்த நாய்களை எடுத்து, ஒழுங்காகப் பார்த்து, விரைவில் விடுவிப்பதே நேர்மையான பதில்.

வெளியாட்களை உள்ளே விட்டால் வேலை கெடும் என்பது மூன்றாவது. அறுவை அறைக்குள் கூட்டம் கூடாது. நோய்ப் பிரிவில் பார்வையாளர் கூடாது. இவை நியாயமான கட்டுப்பாடுகள். ஆனால் நேரமும் பகுதியும் குறித்து அனுமதிப்பதற்கும் முற்றாகக் கதவடைப்பதற்கும் வேறுபாடு உண்டு. கதவடைத்த காப்பகத்தைப் பற்றி வதந்தியும் காணொளியும் மட்டுமே வெளியே வரும். அதனால் நன்றாக வேலை செய்யும் ஊழியருக்கும் அவப்பெயர்.

7. முடிவு

நம்மிடம் தரம் எழுதப்படாமல் இல்லை. அதைச் சுயேச்சையாகச் சரிபார்க்கும் ஏற்பாடே இல்லை. அதற்கு ஐந்து நடவடிக்கைகள் போதும். ஒவ்வொரு காப்பகமும் கூண்டு, ஆள், தங்கும் நாள் மூன்றையும் கணக்கிட்டுத் தன் உச்ச எண்ணிக்கையை வாசலில் எழுதி வைக்கட்டும். அதை எட்டினால் புதிய வரவை நிறுத்தட்டும். கண்காணிப்புக் குழுவின் தலைமை, காப்பகத்தை நடத்தும் உள்ளாட்சிக்கு வெளியே, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு போன்ற ஓர் அமைப்புக்குப் போகட்டும். முன்னறிவிப்பில்லாத ஆய்வு குறைந்தது மாதம் ஒரு முறை நடக்கட்டும். ஒவ்வொரு சாவுக்கும் காரணம் எழுதி மருத்துவர் கையொப்பமிடட்டும். வரவு, விடுவிப்பு, தத்து, சாவு, அன்றைய இருப்பு ஆகிய ஐந்து எண்களும் வாரந்தோறும் உள்ளாட்சியின் அறிவிப்புப் பலகையிலும் இணையத்திலும் வரட்டும்.

இவற்றில் கடைசி ஒன்றுக்குப் புதிய சட்டமே தேவையில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் 4ஆம் பிரிவு, பொது அதிகார அமைப்புகள் தாமாகவே தகவல் வெளியிட வேண்டும் என்று ஏற்கெனவே சொல்கிறது. தெருநாய் வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் சேர்ந்து கேட்கக்கூடிய கேள்வி இது. உங்கள் வார்டு உறுப்பினரிடம் அந்த ஐந்து எண்களைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் எழுத்தில் மனுப் போடுங்கள்.